அடுத்த வீட்டுப் படமும் எல்லைத் தமிழர் கண்ணும்

சங்க மலர் என்றால் சங்க இலக்கியம், திருக்குறள், பாரதி என்று எழுதுவதுதான் வழக்கம். சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பள்ளிவாசலிலும் மூணாறிலும் தேவிகுளத்திலும் பாலக்காட்டு எல்லையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ன நடக்கிறது? ஒரே வீட்டில் அப்பா தமிழ்ச் சேனல் கேட்கிறார், பிள்ளை மலையாளப் படம் பார்க்கிறது, பாட்டி இரண்டையும் பார்க்கிறாள். எனவே இதுவும் நம் வாழ்க்கைதான், இதையும் ஆராயத்தான் வேண்டும்.

கடந்த பத்து வருடங்களாக ஒரு விசித்திரத்தைப் பார்த்து வருகிறோம். தமிழ்நாட்டு ரசிகர்கள் மலையாளப் படங்களைக் கொண்டாடுகிறார்கள். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மலையாளப் படத்துக்குக் கூட்டம் சேர்கிறது. ‘படம்னா அது மலையாளப் படம்தான்’ என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் நம்மிடமே வந்து சொல்கிறார்கள். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? இரண்டு மொழிக்கும் நடுவில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்கிற நம்மைத் தமிழ் ரசிகரும் பார்ப்பதில்லை, மலையாள இயக்குநரும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

கடல் கடந்த ஒரு முன்மாதிரி

ஒரு நாட்டின் கதையை அடுத்த நாட்டு ரசிகர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரை பி.பி.சி. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒருவர்தான் நாயகர். நடிகர் மாறும்போதெல்லாம் அவர் புது உடம்பு எடுப்பார். கிட்டத்தட்ட நம் அவதாரக் கதை மாதிரி!

1970களின் இறுதியில் இந்தத் தொடர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போனது. அமெரிக்கருக்குப் புரியாது என்று பயந்து, கதையை விளக்கும் ஒரு பின்னணிக் குரலைச் சேர்த்தார்கள். ரசிகர்களுக்கோ அது தேவைப்படவே இல்லை. அட்டையில் செய்த மாதிரித் தெரியும் அரங்கம், செலவு குறைந்த தந்திரக் காட்சி, பிரிட்டிஷ் உச்சரிப்பு எல்லாவற்றையும் அப்படியே ஏற்று நேசித்தார்கள். அந்த நிலையங்களுக்கு நன்கொடை கொடுத்தார்கள், மாநாடு கூட்டினார்கள்.

பிறகு 1996இல் அமெரிக்கப் பங்களிப்போடு ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். கதை சான்பிரான்சிஸ்கோவில் நடந்தது. நாயகருக்குப் பாதி மனித ரத்தம் என்றார்கள், முத்தக் காட்சியும் வைத்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்காவில் எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை, தொடராக வளரவும் இல்லை. 2005இல் பிரிட்டன் மண்ணிலேயே மறுபடி தொடங்கிய தொடர்தான் உலகமெங்கும் போனது. அடுத்து டிஸ்னி நிறுவனத்தின் கூட்டு 2023இல் திரைக்கு வந்து 2025இல் முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, அடுத்த நாட்டு ரசிகன் ஒரு கதையை விரும்புவது அது தன்னுடையதாக இல்லை என்பதற்காகவும்தான். அவனுக்காக அதை மாற்றினால் அவனே விலகிப்போகிறான். இரண்டு, அந்த ரசிகன் பிரிட்டனில் வாழவில்லை. பிரிட்டனின் சண்டை சச்சரவுகள் அவன் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தூரம் இருப்பதால் அன்பு சுலபமாகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

‘பிரேமம்’ முதல் ‘மஞ்ஞும்மல்’ வரை

2015 மே மாதம் வெளிவந்த அல்போன்ஸ் புத்திரனின் ‘பிரேமம்’ சென்னையில் தமிழில் மாற்றப்படாமலேயே மாதக்கணக்கில் ஓடியது. அதில் வரும் மலர் டீச்சர் தமிழ் பேசுகிறவள். நடித்த சாய் பல்லவி கோத்தகிரிப் பெண். தமிழ் ரசிகன் மலையாளப் படத்துக்குள் நுழைய மலர் ஒரு கதவைத் திறந்துவிட்டாள் என்று சொல்லலாம். 2020இல் கொரோனா அடைப்பு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் இணையத் திரையில் மலையாளப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தின் அறுவடைதான் 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’.

சிதம்பரம் இயக்கிய அந்தப் படம் 2006இல் கொடைக்கானலில் நடந்த உண்மைச் சம்பவம். எர்ணாகுளம் பக்கத்து மஞ்ஞும்மல் ஊர் நண்பர்கள் குணா குகைக்குப் போகிறார்கள். ஒருவர் குழியில் விழுகிறார், கூட்டாளி ஒருவர் கயிற்றில் இறங்கித் தூக்கி வருகிறார். 1991இல் வந்த ‘குணா’ படத்தின் இளையராஜா பாட்டு உச்சக்கட்டத்தில் ஒலித்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதிர்ந்தன. தமிழ்நாட்டில் 50 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. கமல்ஹாசன் படக்குழுவைச் சந்தித்தார். பின்னர் அந்தப் பாட்டைப் பயன்படுத்தியது பற்றி இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸும் போனது. அவர் பிறந்த பண்ணைப்புரம் நம் மலைக்குக் கீழே தேனிப் பக்கம்தான் என்பது நமக்குத் தெரியும்.

கொண்டாட்டத்துக்கு நடுவில் எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்தார். குடித்துவிட்டுக் காட்டை அசுத்தம் செய்கிறவர்களை நாயகர்களாக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மலையாளிகள் பலரை அது புண்படுத்தியது, பதிலும் சூடாகவே வந்தது. இருபக்கமும் பேசியதைக் கேட்டபோது எல்லைத் தமிழருக்குத் தோன்றுவது வேறு. மூணாறுக்கும் பள்ளிவாசலுக்கும் சுற்றுலா வருகிறவர்களில் மலையாளியும் உண்டு, தமிழரும் உண்டு, வடநாட்டாரும் உண்டு. தேயிலைச் செடிக்குள் குப்பியை வீசுகிறவனுக்கு மொழி கிடையாது. ஆனால் கொழுந்து கிள்ளும்போது அந்தக் கண்ணாடித் துண்டு குத்துகிற காலுக்கு மொழி உண்டு. இந்த மலையில் அது பெரும்பாலும் தமிழ்க் கால். இந்த வாதத்தைச் சொல்ல ஜெயமோகனுக்கும் தோன்றவில்லை, பதில் சொன்னவர்களுக்கும் தோன்றவில்லை. நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மின்னல் அடித்த இருவர்

அறிவியல் புனைவு என்று பார்த்தால் நமக்கு நெருக்கமான உதாரணம் பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’. 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் தமிழ்க் குரலோடும் வெளியானது. குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம். ஒரே ராத்திரியில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவர் தையல்காரர் ஜெய்சன், மற்றவர் சாயாக்கடை வேலையாள் ஷிபு. இருவருக்கும் ஒரே சக்தி வருகிறது. ஒருவர் ஊரின் நாயகன் ஆகிறார், மற்றவர் வில்லன் ஆகிறார்.

டொவினோ தாமஸ் நாயகனாக இருந்தும் பார்த்தவர்கள் மனதில் தங்கியது ஷிபுதான். நடித்தவர் நம் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறையில் வளர்ந்த நடிகர். ‘ஆரண்ய காண்டம்’, 2016இல் வந்த ‘ஜோக்கர்’ இரண்டிலும் அவரைப் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டு ரசிகர்களின் எதிர்வினை இரண்டு விதமாக இருந்தது. ‘பாத்தியா, நம்ம ஆளு மலையாளத்துல கலக்கிட்டாரு’ என்பது ஒன்று. ‘இந்த மாதிரி நம்மாளுங்க ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க’ என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழில் அறிவியல் படம் என்றால் ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) போன்ற பிரம்மாண்டம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் 2015இலேயே ரவிக்குமார் ‘இன்று நேற்று நாளை’ என்று சின்னச் செலவில் கால இயந்திரக் கதை எடுத்திருக்கிறார். அடுத்த வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்கிற வேகத்தில் நம் வீட்டு அடுப்பை மறந்துவிடுகிறோம். இது ரசிகத் தன்மையின் முதல் குறை.

இன்னொன்றும் உண்டு. ஷிபு ஊரால் ஒதுக்கப்பட்டவன். அவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. அவன் காதல் கூட ஊருக்குக் குற்றமாகப் படுகிறது. ‘வெளியாள்’ என்று பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பது தமிழ்நாட்டு ரசிகருக்குக் கதை, நமக்கு அனுபவம். ஒரே வானத்து மின்னல் இருவரைத் தொட்டும் ஊர் ஒருவரை மட்டும் தன்னவன் என்று ஏற்கிறது. அந்தப் படத்தின் மிக ஆழமான இடம் இதுதான் என்பது என் கருத்து.

ராஜாக்காட்டிலிருந்து பாபநாசத்துக்கு

1996 அமெரிக்கப் படத்தைப் போல இங்கும் இடமாற்றம் நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் வந்த ஜீத்து ஜோசப்பின் ‘திருஷ்யம்’ நம் இடுக்கி மாவட்டத்துக் கதை. ராஜாக்காட்டில் கேபிள் டி.வி. நடத்தும் ஜார்ஜ்குட்டியின் குடும்பத்துக்கு வரும் சோதனை. அதே இயக்குநர் 2015 ஜூலையில் தமிழில் ‘பாபநாசம்’ எடுத்தார். ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆனார், நெல்லைத் தமிழ் பேசினார். கமல்ஹாசன் நடிப்பு பாராட்டப்பட்டது. இந்த முறை இடம் மாறியும் படம் வெற்றி பெற்றது. காரணம், மண் மாறியதும் பேச்சையும் மாற்றினார்கள்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். தமிழில் சொல்ல வேண்டும் என்றதும் கதை ஏன் மலை இறங்கித் தாமிரபரணிக் கரைக்குப் போனது? ராஜாக்காட்டைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பம் இல்லையா? போடிமெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் ஏறி வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிற தமிழ்த் தொழிலாளர்கள் இல்லையா? இடுக்கியிலேயே, அதே மழையிலேயே, ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையாக அதைச் சொல்லியிருக்க முடியும். அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வரவில்லை. இடுக்கி என்றால் மலையாளம், தமிழ் என்றால் தமிழ்நாடு என்று திரை கோடு போட்டுவிட்டது. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. வரைபடத்தில் போட்ட கோடு மனிதர்களுக்கு நடுவே ஓடுகிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு நமக்குத் தமிழ் வழிப் பள்ளி நடத்துகிறது. சினிமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கேலியும் கண்ணாடியும்

மலையாளத் திரை தமிழரைக் காட்டியதே இல்லை என்று சொல்ல முடியாது. எப்படிக் காட்டியது என்பதுதான் விஷயம். 1993இல் ராஜசேனன் இயக்கிய ‘மேலேப்பறம்பில் ஆண்வீடு’ இன்றும் தொலைக்காட்சியில் சிரிக்கச் சிரிக்கப் பார்க்கப்படும் படம். நாயகன் தமிழ்நாட்டில் வேலை பார்க்கும்போது தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். வீட்டாருக்குப் பயந்து மனைவியை வேலைக்காரி என்று சொல்லிக் கூட்டி வருகிறான். ஷோபனா அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் அந்தப் பொய்யை அந்த வீடு உடனே நம்புகிறதே, அது ஏன்? தமிழ் பேசுகிற பெண் வீட்டுக்குள் வந்தால் வேலைக்காரியாகத்தான் இருக்கும் என்று ஊருக்குத் தோன்றுவதால்தான் அந்த நகைச்சுவையே நிற்கிறது. 2005இல் வந்த ‘பாண்டிப்பட’ பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்தது. பள்ளிக்கூடத்தில் ‘பாண்டி’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். தமிழ்ப் படங்களில் மலையாளி என்றால் நாயர் சாயாக்கடை, இல்லாவிட்டால் முண்டு கட்டிய பெண் என்று எத்தனை வருடம் ஓட்டினார்கள். 1981இல் பாக்யராஜ் ‘அந்த 7 நாட்கள்’ படத்தில் பாலக்காட்டு மாதவனைப் படைத்தபோது சிரிப்போடு மரியாதையும் சேர்ந்து வந்தது. அரைகுறைத் தமிழ் பேசும் அந்த மனிதன்தான் படத்தின் மிகப் பெரிய மனது உடையவன். கேலி செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேலி செய்யப்படுகிறவனுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்று காட்டுகிற படம் நிற்கும். அது இல்லாதது சிரித்துவிட்டுப் போகும், வடு நம்மிடம் இருக்கும்.

அணை உடையும் படங்கள்

ரசிகருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிவது முல்லைப் பெரியாறு விஷயத்தில். 2011 நவம்பரில் சோகன் ராய் இயக்கிய ‘டேம் 999’ வந்தது. அணை உடைந்து பேரழிவு நேரும் கற்பனைக் கதை. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையைப் பற்றி மக்களைப் பயமுறுத்துகிறது என்று தமிழக அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே அணைப் பிரச்சினை கொதித்தது. குமுளி வழிப் போக்குவரத்து நின்றது. உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பயந்து மூட்டை முடிச்சோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கின. அதே நாட்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன.

அந்தப் படத்தால்தான் கலவரம் என்று சொல்வது தவறு. அணைப் பிரச்சினை படத்துக்கு எவ்வளவோ முந்தியது. ஆனால் எங்கோ குளிரூட்டிய அரங்கில் பார்க்கிறவனுக்குத் தந்திரக் காட்சியாகத் தெரிவது, எல்லையில் இருக்கிறவனுக்குக் கதவைத் தாழிட வேண்டிய ராத்திரியாக மாறலாம். 2025 மார்ச்சில் ‘எம்புரான்’ வந்தபோது அதில் வரும் அணைப் பேச்சை எதிர்த்துக் கம்பம் பகுதி விவசாயிகள் போராடினார்கள். அப்போதும் நம் வீடுகளில் முதலில் எழுந்த கேள்வி படம் நன்றா இல்லையா என்பதல்ல. ‘ஊருக்குப் போற பஸ் ஓடுமா?’ என்பதுதான்.

சுந்தரமும் ஜேம்ஸும்

இத்தனை குறைகளையும் சொன்ன பிறகு ஒரு படத்தை மனதாரப் புகழ வேண்டும். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி 2023 ஜனவரியில் வெளியான ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. பெயரே தமிழில். எஸ். ஹரீஷ் எழுத்து. மம்மூட்டிக்கும் படத்துக்கும் கேரள அரசின் 2022ஆம் ஆண்டு விருதுகள் கிடைத்தன.

வேளாங்கண்ணி போய்விட்டு ஊர் திரும்பும் மலையாளிக் கூட்டம் ஒரு பஸ்ஸில் வருகிறது. நண்பகல் தூக்கத்தில் கண் விழித்த ஜேம்ஸ் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார். இரண்டு வருடம் முன் காணாமல் போன சுந்தரம் என்பவரின் வீட்டுக்குள் போய், சுந்தரமாகவே தமிழ் பேசி, சுந்தரமாகவே வாழத் தொடங்குகிறார். படம் முழுக்கப் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் எங்கோ ஓடிக்கொண்டே இருக்கின்றன. பஸ்ஸில் வந்த மனைவி ஒரு பக்கம் தவிக்கிறாள், சுந்தரத்தின் மனைவி இன்னொரு பக்கம் திகைக்கிறாள்.

தமிழ் ரசிகர்கள் அதைப் புதுமை என்றார்கள், புரியாத புதிர் என்றார்கள். மம்மூட்டியின் தமிழைப் பாராட்டினார்கள். நமக்கு அதில் புதிர் எதுவும் இல்லை. காலையில் ஆபீசில் மலையாளம் பேசிவிட்டு, லயத்து வாசலுக்கு வந்ததும் தமிழில் கூப்பிடுகிற மனிதர் தினமும் ஜேம்ஸும் சுந்தரமும் ஆகிறார். ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டு வீடு. இரண்டும் பொய் இல்லை. படத்தில் ஜேம்ஸ் கடைசியில் பஸ் ஏறிப் போய்விடுகிறார். நமக்கு ஏறிப் போக வேறு பஸ் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்தால் அந்தப் படத்தை நம்மைவிட நன்றாக ரசிக்கக்கூடியவர் யாரும் இருக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியது

அமெரிக்க ரசிகர் பிரிட்டிஷ் தொடரைத் தூரத்திலிருந்து நேசித்தார். தமிழ்நாட்டு ரசிகர் மலையாளப் படத்தை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேசிக்கிறார். இரண்டும் நல்ல நேசம்தான், குறை சொல்ல வேண்டாம். ஆனால் அது விருந்தாளியின் நேசம். பண்டம் ருசி என்று சொல்லிக் கை கழுவிவிட்டுப் போகலாம். அந்த வீட்டிலேயே குடியிருப்பவர் ருசியும் சொல்ல வேண்டும், ஒழுகுகிற கூரையையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கடமையை இதுவரை நாம் செய்யவில்லை. 2015இல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்று தமிழில் பெயர் வைத்துப் போராடினார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் 70 உயிர்களை இழந்தோம். இவற்றைத் திரையில் சொல்ல எந்த இயக்குநர் வருவார் என்று காத்திருப்பதைவிட, வந்த படங்களைப் பற்றி நாமே பேசத் தொடங்கலாம். நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் எழுதக் கூடியவர்கள். மலையாளப் படத்தில் ஒரு தமிழ்ப் பாத்திரம் பொய்யாக இருந்தால் மலையாளத்திலேயே அதைச் சொல்லலாம். தமிழ்ப் படத்தில் மலையாளி பொய்யாக இருந்தால் தமிழில் சொல்லலாம். இரண்டு பக்கமும் நம்பக்கூடிய சாட்சி நாம்தான்.

நம் சங்கம் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் நடத்துகிறது, கோலப் போட்டி நடத்துகிறது. வருகிற வருடம் பிள்ளைகளுக்கு ஒரு திரைவிமர்சனப் போட்டியும் வைக்கலாம். எந்த மொழிப் படமானாலும் சரி, எந்த மொழியில் எழுதினாலும் சரி. கேள்வி ஒன்று போதும்: ‘இந்தப் படத்தில் நம்ம வீடு இருக்கிறதா?’ பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் பரவாயில்லை. இல்லை என்று எழுதத் தெரிந்த பிள்ளைகளில் ஒருவர் என்றாவது ஒரு நாள் அந்த வீட்டைத் தானே திரையில் கட்டுவார்.